சாச்சியின் மூன்று கேள்விகள்

இவ்வருடத் தொடக்கத்தில், சவூதி அரேபியாவிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் ஆங்கில விரிவுரையாளராக வந்து சேரும்படி எனக்கு ஒரு கடிதம் வந்தது. பதில் சொல்ல மூன்று வாரத் தவணை. அந்த மூன்று வாரமும் எங்கள் வீட்டில் நடந்த பேச்சையும் நான் போட்டுப் பார்த்த கணக்குகளையும் இங்கு எழுதுகிறேன். நமது கல்லூரியில் இன்று ஆங்கிலத்தை ஊன்றிப் படிக்கும் தங்கைகள் சிலருக்காவது இன்னும் பத்து வருடத்தில் இப்படியொரு கடிதம் வரும். அதைப் பெற்றோரின் முன்னால் கொண்டுவந்து வைப்பார்கள். அப்போது இரு தரப்பாருக்கும் இது பயன்படலாம்.

முதலில் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் என்றதும் எங்கள் தெருவில் பலரும் நான் ஷேக்ஸ்பியர் கற்பிக்கப் போகிறேன் என்றே நினைத்தார்கள். அப்படியல்ல. சவூதியில் அரசாங்கப் பாடசாலைக் கல்வி அரபு மொழியில் நடக்கிறது. பல்கலைக்கழகத்தில் மருத்துவமும் பொறியியலும் கணினியும் பெரும்பாலும் ஆங்கிலத்தில். இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தைத் தூர்க்க 'ஆயத்த ஆண்டு' என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள். பட்டப்படிப்பைத் தொடங்குமுன் ஒரு வருடம், அதிற் பெரும்பகுதி ஆங்கிலம். பெண்களுக்குத் தனி வளாகம், பெண் விரிவுரையாளர்கள். எனக்குச் சொல்லப்பட்டது வாரத்துக்கு இருபது மணித்தியாலம். எந்த வாரம் எந்தப் பக்கம் என்பது முன்கூட்டியே அச்சிடப்பட்டிருக்கும். பரீட்சைத்தாளையும் வேறொரு குழு தயாரிக்கும். விரிவுரையாளர் என்ற பெயர் பெரிது. வேலை ஒரு நல்ல பாடசாலை ஆசிரியையின் வேலை. நான் அதைக் குறைத்துச் சொல்லவில்லை. பேராதனையில் நான் இப்போது செய்வதும் ஏறக்குறைய அதுவே.

ஏனென்றால் எங்களுக்கும் அதே பள்ளம் இருக்கிறது. 1942இல் கொழும்பில் இலங்கைப் பல்கலைக்கழகம் தொடங்கியபோதும், 1952இல் அது பேராதனைக்கு வந்தபோதும் எல்லாம் ஆங்கிலத்தில் நடந்தது. 1960இல் கலைப்பீடத்தில் சுயமொழியில் படிக்கும் மாணவர்கள் வந்தார்கள். மருத்துவமும் பொறியியலும் ஆங்கிலத்திலேயே நின்றுவிட்டன. அக்குறணையிலோ கல்ஹின்னையிலோ மூதூரிலோ தமிழில் உயிரியல் படித்து, தமிழில் பரீட்சை எழுதி, மூன்று 'ஏ' எடுத்துவரும் ஒரு பிள்ளை முதல் நாளே ஆங்கில விரிவுரையில் போய் உட்காருகிறாள். அங்கே அரபு, இங்கே தமிழ் அல்லது சிங்களம். மற்றபடி ஒரே கதை. அவர்கள் அதற்கு ஒரு முழு வருடம் கொடுக்கிறார்கள். நாங்கள் சில வாரத் தீவிர வகுப்பும் பிறகு வாரத்துக்குச் சில மணித்தியாலமும் கொடுக்கிறோம்.

போன வருடம் என் வகுப்பில் இருந்த ஒரு மாணவி ஆறு வாரம் வாயே திறக்கவில்லை. ஏழாம் வாரம் எல்லோரும் போன பிறகு வந்து, "மிஸ், வுட் என்கிறது இறந்தகாலமா எதிர்காலமா?" என்று கேட்டாள். இலக்கணம் எழுதியவர்களே தடுமாறும் இடம் அது. அவளிடம் தமிழில் பேசி, 'வந்திருப்பேன்', 'வருவேனாக்கும்' என்று இரண்டு மூன்று தமிழ் வாக்கியங்களை வைத்து விளக்கினேன். சவூதி மாணவிக்கு இந்த விளக்கத்தை என்னால் கொடுக்க முடியாது. என் அரபு, குர்ஆன் மதரஸாவில் படித்ததோடு சரி. என் பக்கத்தில் இதை ஒரு நட்டமாக எழுதிக்கொண்டேன்.

ஒரு பழைய விஷயமும் ஞாபகம் வந்தது. எகிப்தின் அராபி பாஷா நாடு கடத்தப்பட்டு 1883இல் இலங்கைக்கு வந்தார். பின்னாளில் கண்டியில் வாழ்ந்தார். 1901இல்தான் ஊர் திரும்பினார். எங்கள் கண்டியில் பிறந்த அறிஞர் சித்திலெப்பை அவரோடு சேர்ந்துகொண்டு, முஸ்லிம் பிள்ளைகளுக்கு நவீன கல்வியும் ஆங்கிலமும் வேண்டும் என்று அன்றைக்குப் பலருக்குப் பிடிக்காத ஒன்றை ஊர் ஊராகச் சொன்னார். 1892இல் மருதானையில் ஸாஹிறாவுக்கு வித்திட்டதும் அந்த முயற்சிதான். அரபு நாட்டிலிருந்து வந்த ஒருவர் இலங்கையில் இருந்துகொண்டு எங்களை நவீன கல்விக்கு அழைத்தார். நூற்றிருபது வருடத்துக்கு மேல் கழித்து, கண்டியிலிருந்து ஒருத்தியை அரபு நாட்டுக்கு ஆங்கிலம் கற்பிக்கக் கூப்பிடுகிறார்கள். சிரிப்பு வந்தது.

ஆனால் கூப்பிடும் விலை எல்லோருக்கும் ஒன்றல்ல. இந்த வேலைக்கான விளம்பரங்களைப் பார்த்தால் பலவற்றில் ஏழு நாடுகளின் பெயர் இருக்கும்: பிரித்தானியா, அயர்லாந்து, அமெரிக்கா, கனடா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா. அந்த நாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவர் 'தாய்மொழியாளர்'. அவருக்கு ஒரு சம்பளம். நாங்கள் எத்தனை பட்டம் வைத்திருந்தாலும் வேறொரு சம்பளம், சில இடங்களில் விண்ணப்பிக்கவே முடியாது. இந்த நம்பிக்கை பிழையென்று துறைக்குள்ளேயே சொல்லிவிட்டார்கள். 1992இல் ரொபேர்ட் பிலிப்சன் எழுதிய நூலில் அது ஒரு முக்கியமான வாதம். ஒரு மொழியைப் பிற்காலத்தில் கஷ்டப்பட்டுக் கற்றவருக்குத்தான் எந்த இடத்தில் மாணவனின் கால் இடறும் என்று தெரியும். எனக்கு இதில் சந்தேகமே இல்லை. சம்பளப் பட்டியல் தயாரிப்பவர்களுக்கு அது இன்னும் போய்ச் சேரவில்லை.

இந்த இடத்தில் சுரேஷ் கனகராஜாவை நினைக்காமல் இருக்க முடியாது. யாழ்ப்பாணத்தவர். 1984 முதல் பத்து வருடம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில், யுத்தத்துக்கு நடுவில், மின்சாரமும் நல்ல காகிதமும் இல்லாத காலத்தில் ஆங்கிலம் கற்பித்தார். 1994இல் அமெரிக்கா போனார். 1999இல் வெளிவந்த அவருடைய நூல், யாழ்ப்பாணத்து வகுப்பறையில் மாணவர்கள் ஆங்கிலப் பாடப்புத்தகத்தை எப்படி ஏற்றார்கள், எப்படி எதிர்த்தார்கள் என்பதைப் பற்றியது. உலகெங்கும் ஆங்கிலம் கற்பிப்போர் படிக்கும் நூல்களில் அதுவும் ஒன்று. பிற்பாடு துறையின் முன்னணி ஆய்விதழ் ஒன்றுக்கு ஆசிரியராகவும் இருந்தார். அவருடைய அறிவு யாழ்ப்பாணத்தில் விளைந்தது. உலகம் அதைக் கேட்டது அவர் அங்கிருந்து போன பிறகு. போகாமலிருந்தால் அந்த நூல் வந்திருக்குமா? வந்திருந்தாலும் யார் கையில் சேர்ந்திருக்கும்? பேராதனை ஆங்கிலத்துறையிலும் இது புதிதல்ல. லுடோவைக் 1956இல் இங்கிலாந்து போனார். யஸ்மின் குணரத்ன 1972இல் அவுஸ்திரேலியாவின் மக்குவாரிப் பல்கலைக்கழகத்துக்குப் போய் அங்கேயே பேராசிரியரானார். போனவர்களை ஊரை மறந்தவர்கள் என்று திட்டும் வழக்கம் எங்களிடம் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆனால் அவர்கள் போனது எழுதவும் ஆராயவும் இடம் கிடைக்கும் பல்கலைக்கழகங்களுக்கு. எனக்கு வந்த கடிதத்தில் ஆய்வைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆகவே அவர்களை உதாரணம் காட்டி நான் போவதை நியாயப்படுத்தினால் அது பொருந்தாது.

சரி, பணத்துக்கு வருவோம். பணத்தைப் பற்றிப் பேச வெட்கப்படும் கட்டுரைகளை நான் நம்புவதில்லை.

2022 மார்ச்சில் ரூபாயைத் தளரவிட்டபோது ஒரு டொலர் இருநூறு ரூபாய் அளவில் இருந்தது. மே மாதத்தில் முந்நூற்று அறுபதைத் தொட்டது. என் சம்பளத்தாளில் எண் மாறவில்லை. அது வாங்கும் சாமான் மாறியது. 2023 ஜனவரியிலிருந்து மாதம் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட வருமானத்துக்குப் புதிய வரியும் வந்தது. என் சக ஆசிரியர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். திங்கட்கிழமை ஆசிரியர் அறையில் ஒரு கதிரை காலியாக இருக்கும். யாரும் எதுவும் கேட்பதில்லை.

எனக்குச் சொன்ன சம்பளம் வீட்டுப்படியும் சேர்த்து மாதம் 8,000 ரியால். ஒரு டொலருக்கு 3.75 ரியால் என்று 1986இலிருந்து கட்டிவைத்திருக்கிறார்கள். டொலர் முந்நூறு ரூபாய் என்றால் ரியால் எண்பது ரூபாய். ஆக 640,000 ரூபாய். அங்கே சம்பளத்துக்கு வருமான வரி இல்லை. என் வாப்பாவின் நண்பர் ஒருவர் எண்பதுகளில் நைஜீரியாவில் கற்பித்தவர். அந்தக் காலத்தில் இலங்கையிலிருந்து ஏராளமான பட்டதாரி ஆசிரியர்கள் அங்கே போனார்கள். அதே 1986இல்தான் நைஜீரியாவின் நைரா பாதாளத்துக்கு இறங்கியது. சேர்த்த காசு கையில் கரைந்ததைப் பார்த்தவர் அவர். "சம்பளம் எவ்வளவு என்று பார்க்காதே, அது எந்தக் காசு என்று பார்" என்றார். அந்த வகையில் ரியாலைக் குறை சொல்ல முடியாது.

தனியாகப் போனால், இன்னொருத்தியோடு வீட்டைப் பகிர்ந்து, சிக்கனமாக இருந்தால் மாதம் 5,000 ரியால் மிஞ்சும். நான்கு இலட்சம் ரூபாய். இரண்டு வருடத்தில் கட்டுகஸ்தோட்டையில் பாதியில் நிற்கும் எங்கள் வீட்டின் மேல்தளம் முடிந்துவிடும், கடனும் அடைபடும். குடும்பத்தோடு போனால் கணக்கு வேறு. தங்கியிருக்கும் ஒவ்வொருவருக்கும் மாதம் 400 ரியால் அரசாங்கக் கட்டணம் இருக்கிறது. 2017இல் 100 ஆகத் தொடங்கி 2020இல் 400 ஆனது. கணவருக்கும் மகளுக்குமாக 800. பெரிய வீட்டுக்கு 2,500. மகளின் பாடசாலைக்கு 1,000. சாப்பாடு, போக்குவரத்து, மற்றதெல்லாம் 2,200. மீதி 1,500 ரியால், அதாவது ஓர் இலட்சத்து இருபதாயிரம் ரூபாய். என் கணவர் இங்கே ஆசிரியர். அவர் வேலையை விட்டுவிட்டு வந்தால் இழக்கும் சம்பளத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. அதாவது நாங்கள் மூவரும் கடல் கடந்து போய், இங்கே இருந்ததற்குச் சமமாக வாழலாம். நினைத்தபோது உம்ரா செய்யலாம் என்றார் மாமி. அதை என்னால் ரியாலில் எழுத முடியாது. அந்த வரியை எழுதி, எதிரே இலக்கம் போடாமல் விட்டேன்.

இந்தக் கணக்கையெல்லாம் முடித்து வைத்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் சாச்சி வந்தார்.

சாச்சி என் உம்மாவின் தங்கை. தொண்ணூறுகளில் ரியாதில் ஒரு வீட்டில் பணிப்பெண்ணாக ஐந்து வருடம் இருந்தவர். நான் உயர்தரம் படிக்கும்போது கண்டி நகரில் ஆங்கில வகுப்புக்குப் போக மாதாமாதம் கொடுத்தது சாச்சியின் காசு. என் மூத்தும்மா மௌத்தானபோது சாச்சியால் வர முடியவில்லை. கடவுச்சீட்டு வீட்டுக்காரரின் இரும்பு அலுமாரிக்குள் இருந்தது. ஏழு மாதம் கழித்து வந்து கப்ரடியில் நின்றார். அன்றைக்கு நானும் கூடப் போனேன். அதைப் பற்றி அவர் பிறகு பேசியதில்லை.

என் கடிதத்தை அவரிடம் காட்டி, இதில் இன்னது இன்னது இருக்கிறது என்று தமிழில் சொன்னேன். தேநீரைக் கீழே வைத்துவிட்டு மூன்று கேள்வி கேட்டார்.

"பாஸ்போட் யாருட கையில ஈக்கிம்?"

"சம்பளம் மாசத்துல எத்தனையாம் தேதி வாற?"

"வரோணும்டு நெனச்சா ஒடனே வர ஏலுமா?"

இரண்டு பட்டம் பெற்ற என் தோழியர் ஒருவரும் இந்த மூன்றையும் கேட்கவில்லை. அவர்கள் கேட்டது பாடப்புத்தகம் எது, வீட்டுப்படி எவ்வளவு, அபாயா கட்டாயமா என்பவை. நாங்கள் வேறு வகை ஆட்கள், எங்களுக்கு அப்படியெல்லாம் நடக்காது என்ற நினைப்பு எங்களுக்குள் எப்போதோ வந்துவிட்டது. ஆனால் 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஏற்பட்ட அதே வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில்தான் சாச்சியும் பதிந்தார், நானும் பதிய வேண்டும். இருவரும் போவது அதே கட்டுநாயக்காவால்.

கடிதத்தை மீண்டும் வாசித்தேன். தலைப்பில் பல்கலைக்கழகத்தின் பெயர் பெரிதாக இருந்தது. கையொப்பமிட வேண்டிய இடத்தில் வேறொரு கம்பனியின் பெயர். பல பல்கலைக்கழகங்கள் ஆயத்த ஆண்டு ஆசிரியர்களை நேரடியாக எடுக்காமல் ஒப்பந்தக் கம்பனிகள் மூலம் எடுக்கின்றன. வேலை செய்யும் இடம் ஒன்று, எசமான் வேறு. இது பெரிய வித்தியாசம். கம்பனியின் ஒப்பந்தம் பல்கலைக்கழகத்தோடு முடிந்தால் என் வேலையும் முடியும். தங்கைகள் யாராவது இப்படியொரு கடிதத்தைப் பெற்றால் முதற்பக்கத்தை விட்டுவிட்டுக் கடைசிப் பக்கத்திலிருந்து வாசியுங்கள்.

சட்டத்தையும் தேடிப் பார்த்தேன். தொழில் கொடுப்பவர் கடவுச்சீட்டைப் பிடித்துவைத்திருக்க அங்கே சட்டம் இடம் கொடுப்பதில்லை. 2021 மார்ச்சில் வந்த சீர்திருத்தத்தின்படி, தனியார் துறையில் வேலை செய்யும் வெளிநாட்டவர் எசமானின் சம்மதமில்லாமலே நாட்டைவிட்டுப் போய்வர விண்ணப்பிக்கலாம். வீட்டுப் பணியாளர்கள் அதில் சேர்க்கப்படவில்லை. இதைச் சாச்சியிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சேவை முடிவுப் பணம் முதல் ஐந்து வருடத்துக்கு, வருடமொன்றுக்கு அரை மாதச் சம்பளம். இரண்டு வருடத்துக்கு முன் நீங்களாகவே விலகினால் ஒன்றுமில்லை.

சாச்சியின் மூன்று கேள்விகளையும் நல்ல ஆங்கிலத்தில் எழுதி, குடும்ப வீசாவைப் பற்றி நான்காவதாக ஒன்றையும் சேர்த்து, கம்பனிக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். கேட்டால் வேலை போய்விடும் என்று ஒரு தோழி பயந்தாள். கடவுச்சீட்டைப் பற்றிக் கேட்டதற்காகப் போகும் வேலை போனால் போகட்டும் என்று நினைத்தேன். நான்காம் நாள் பதில் வந்தது, மரியாதையாகவே வந்தது. கடவுச்சீட்டு உங்களிடமே இருக்கும். சம்பளம் ஒவ்வொரு மாதமும் 27ஆம் திகதி வங்கிக்கு வரும். விடுமுறையில் வந்துபோகத் தடையில்லை. ஒப்பந்தம் முடியுமுன் விலகினால் இரண்டு மாதச் சம்பளம் நட்டஈடாகக் கட்ட வேண்டும். குடும்ப வீசா ஒரு வருடம் கழித்துப் பரிசீலிக்கப்படும்.

அந்தக் கடைசி வரியோடு குடும்பத்தோடு போகும் கணக்கு தேவையில்லாமல் போயிற்று. இனித் தனியாகப் போவதா, இருப்பதா?

மகள் ஒன்பதாம் தரம். இன்னும் இரண்டு வருடத்தில் சாதாரண தரப் பரீட்சை. அவள் போகவேண்டாமென்று சொல்லவில்லை. ஒரு தாளில் இரண்டு மணிக்கூடு வரைந்து கொண்டுவந்து காட்டினாள். சவூதி எங்களுக்கு இரண்டரை மணித்தியாலம் பிந்தியது. "நான் ஸ்கூல் விட்டு வாற நேரம் உங்களுக்கு காலையில பதினொண்டு, உம்மா. அப்ப நீங்க கிளாஸ்ல. நான் படுக்கிற நேரம் உங்களுக்கு ஏழரை. அப்ப பேசலாம்." அவ்வளவு தெளிவாக அவள் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்திவிட்டாள். கணவரும் போ என்றுதான் சொன்னார். "வீட்ட நான் பாத்துக்கொள்றேன்" என்றார். அவர் சொன்னால் செய்வார். உம்மாவுக்குச் சீனி வருத்தம். ஆனாலும் அதை ஒரு காரணமாக வைக்காதே என்று கண்டிப்பாகச் சொன்னார்.

எல்லோரும் போகச் சொன்ன பிறகு போகாமலிருப்பது கஷ்டமான காரியம். பழி போட ஆளில்லை.

தவணைக்கு இரண்டு நாள் முன்னதாக, இம்முறை வர இயலாது என்று எழுதினேன். மேல்தளத்துக்காகப் பணம் வேண்டும்; ஆனால் மேல்தளம் இன்னும் மூன்று வருடம் பொறுக்கும். பதின்மூன்று வயது பொறுக்காது. எனக்கு இருபத்தாறு வயதாகி, வீட்டில் கடனிருந்து, கேட்ட நான்கு கேள்விக்கும் இதே பதில் வந்திருந்தால் மறுவாரமே போயிருப்பேன். போகக்கூடாத இடமென்று நான் நினைக்கவில்லை. என்னோடு வேலை செய்த ஒருவர் அங்கே மூன்றாம் வருடமாகக் கற்பிக்கிறார். மாணவிகள் பாசமானவர்கள், வகுப்பு அமைதியாக இருக்கும், வாசிக்க நேரம் கிடைக்கிறது என்று எழுதுகிறார். பேராதனையைத் தியாகம் செய்து காப்பாற்றுகிறேன் என்றும் நான் சொல்லவரவில்லை. 'வுட்' கேட்ட பிள்ளை இப்போது இரண்டாம் வருடம். நான் இல்லாவிட்டாலும் யாரிடமாவது கேட்டிருப்பாள்.

ஒரு வேலை மட்டும் செய்தேன். பட்டச் சான்றிதழ்களைப் பல்கலைக்கழகத்தில் உறுதிப்படுத்தி, வெளிநாட்டமைச்சின் கொன்சியூலர் பிரிவில் முத்திரை வாங்கி, ஓர் உறையில் போட்டு வைத்திருக்கிறேன். பல நாடுகளுக்குப் போவதற்கு இந்த இரண்டு படிகளும் வேண்டும். அதற்குப் பிறகு அந்தந்த நாட்டுத் தூதரகத்தின் முத்திரை. மகளின் பரீட்சை முடிந்ததும் உறையைத் திறந்து பார்க்கலாம், இன்ஷா அல்லாஹ்.

போகவில்லை என்று சொன்னபோது சாச்சி நல்லதென்றும் சொல்லவில்லை, கெட்டதென்றும் சொல்லவில்லை. கம்பனி அனுப்பிய பதிலின் பிரதியொன்றைக் கேட்டார். அச்செடுத்துக் கொடுத்தேன். நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். மடவளையில் அவருக்குத் தெரிந்த ஒரு பிள்ளை ஓமானுக்குத் தாதியாகப் போக விண்ணப்பித்திருக்கிறாளாம். அவளுடைய கடிதத்தில் கடைசிப் பக்கம் இல்லையாம்.